நாற்பத்தைந்து ஆண்டுகள் பேசாத தோழிக்காக அழலாமா?

கேள்வி: எனக்கு வயது அறுபத்தொன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி சென்ற மாதம் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான், பழைய வகுப்பினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்புக்கும் நாங்கள் சேர்ந்தே போவோம். 1980இல் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தபோது அவள் வெளியே போய் கேட்டருகே நின்றாள். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நான் உள்ளே இருந்தேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசக் காவடியன்று கோயிலில் எதிரெதிரே வந்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது அழுகை அடங்கவில்லை. "நாற்பத்தைந்து வருஷமாகப் பேசாதவளுக்கா இவ்வளவு அழுகை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் வகுப்பினர் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். அவளுடைய மகளும் வருகிறாள். என்னைப் பேசச் சொல்கிறார்கள். பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எங்களுக்குள் நடந்ததை மகளிடம் சொல்ல வேண்டுமா? அவள் தன் பெயர் எழுதிவைத்த தமிழ் நோட்டுப் புத்தகம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் அழலாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் நோட்டுப் புத்தகத்துக்கு நான் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

அவர்கள் கொடுமையாகக் கேட்கவில்லை. நம் வழக்கத்தில் துக்கத்துக்கும் முறை உண்டு. யார் கொள்ளி வைப்பது, யாருக்குத் தீட்டு, யாருக்கு எத்தனை நாள், யார் கோடி போடுவது என்பதையெல்லாம் உறவு தீர்மானிக்கிறது. அந்த முறை நல்லது. அது துக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்ய வேலை தருகிறது, சுற்றத்தார் வந்து உட்காருவதற்கு ஒரு காரணத்தையும் தருகிறது. ஆனால் பதினாறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. உங்களுக்குத் தீட்டும் இல்லை, காரியமும் இல்லை, துக்கம் விசாரிக்க வாசலுக்கு வருபவரும் இல்லை. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா இத்தகைய துக்கத்துக்கு 1980களில் ஒரு பெயர் கொடுத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இறந்தவரோடு இருந்த உறவைச் சுற்றத்தார் ஓர் உறவாக ஏற்றுக்கொள்ளாதபோது, துக்கப்படுகிறவர் அழுவதோடு நில்லாமல், அழுவதற்காக வெட்கமும் படவேண்டியதாகிறது. உங்கள் அழுகை அடங்காமல் இருப்பதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதோடு, பள்ளித் தோழமை அவ்வளவு ஆழமாகப் பதிவதற்குக் காரணங்கள் உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே மற்றக் காலத்து நினைவுகளைவிட அதிகமாக வெளிவருகின்றன. 1980களிலிருந்து பல ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. முதன்முதலாக நடந்தவை அந்த ஆண்டுகளில்தான் குவிந்து கிடக்கின்றன என்பதும், நாம் யார் என்பதை நாம் முடிவு செய்துகொண்ட ஆண்டுகள் அவை என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் பேசாமல் இருந்தீர்கள் என்பது உண்மை. அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளிலும் உங்கள் இளமையின் நினைவு ஒவ்வொன்றிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மைதான்.

நம் ஊருக்கே உரிய காரணமும் ஒன்று இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனர், கிளேர்வுட், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது, ஒரே சந்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் யூனிட் என்று பிரிக்கப்பட்ட வெவ்வேறு பகுதிகளில் சிதறிப்போனார்கள். எண் மட்டுமே பெயராக இருந்த அந்தத் தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று பெரியவர்களுக்கே தெரியாமலிருந்தது. உங்கள் வயதுக்காரர்கள்தாம் அங்கே முதலில் வளர்ந்த குழந்தைகள். பழைய இடத்தில் பெரியம்மா மகளும் எதிர்வீட்டு அக்காவும் இருந்த இடத்தை, புதிய இடத்தில் பள்ளிக்கூடத்துத் தோழிதான் நிரப்பினாள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் உங்கள் தலைமுறையினர் பலர் தம் வகுப்புத் தோழர்களைப் பற்றிப் பேசும்போது பங்காளிகளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்கள். இது ஏன் என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

இனி உங்களை உறுத்துவதற்கு வருகிறேன். நீங்கள் இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே குற்றமாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள்: 1980இல் வகுப்பறைக்குள் இருந்தது ஒன்று, காவடியன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இன ஒதுக்கல் கல்விமுறையை எதிர்த்து 1980 ஏப்ரலில் கேப் பகுதியில் தொடங்கிய புறக்கணிப்பு டர்பனின் இந்தியர் பள்ளிகளுக்கும் பரவியது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் கல்வி தனியாகப் பிரித்துவைக்கப்பட்டிருந்தது. வெள்ளையர் குழந்தை ஒன்றுக்கு அரசு செலவிட்டதும் மற்றக் குழந்தைகளுக்குச் செலவிட்டதும் வெகுதூரம் வேறுபட்டிருந்தன. உங்கள் தோழி வெளியே நின்றதற்கு நியாயம் இருந்தது. உங்கள் தந்தை உங்களைத் தடுத்ததற்கும் காரணம் இருந்திருக்கும். அவர் என்ன வேலையில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்நாளில் சாட்ஸ்வொர்த்தில் வீடு நகராட்சியின் வீடு, பலருக்கு வேலையும் நகராட்சியின் வேலை. ஏற்கெனவே ஒரு முறை வீட்டிலிருந்து பெயர்க்கப்பட்ட மனிதருக்கு, மகள் போலீஸ் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் எழுந்ததைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு வயதுப் பெண் அந்த அச்சத்தை மதித்தாள். அந்தப் பெண்ணை இன்றைய அறுபத்தொரு வயதுப் பெண்மணி விசாரணைக் கூண்டில் நிறுத்தியிருப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

காவடியன்று நடந்தது வேறு. அப்போது தடுக்க அப்பா இல்லை. நீங்கள் ஓரடி எடுத்து வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதில் தவறே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. வருத்தப்பட வேண்டிய ஒன்றுக்கு வருத்தப்படுவது நோய் ஆகாது. ஆயினும் அந்த நாற்பத்தைந்து ஆண்டு மௌனத்தை இருவரும் சேர்ந்தே காத்தீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவரும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. அதைச் சொல்வதால் இறந்தவரைக் குறை கூறுவதாக ஆகிவிடாது. அவரும் உங்களைப்போலவே, இன்னொரு காவடி வரும் என்று நினைத்திருக்கக்கூடும்.

பேசத் தகுதி உண்டா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் ஒன்று எனக்குத் தென்பட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் அவர் நின்றதை வெளியே அவரோடு நின்றவர்கள் பார்த்திருக்க முடியாது. அவர்கள் போலீஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக, பக்கத்தில் காலியாகக் கிடந்த அவருடைய இடத்தையும் வெளியே நின்ற அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். எந்த இடத்தில் இருந்ததற்காக வெட்கப்படுகிறீர்களோ, அந்த இடத்திலிருந்துதான் அவரை அவ்வளவு தெளிவாகப் பார்த்தீர்கள். அம்மா பதினாறு வயதில் எப்படி இருந்தார் என்பது அந்த மகளுக்குத் தெரியாது. சமையற்கட்டிலும் மருத்துவமனையிலும் பார்த்த அம்மாவைத்தான் அவருக்குத் தெரியும். பெற்றோரை இழந்தவர்கள் ஆலோசனைக்கு வரும்போது, நான் பிறப்பதற்குமுன் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல இப்போது யாருமே இல்லை என்று வருந்துவதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த மகளிடம் இல்லாததும் வேறு எங்கும் அவருக்குக் கிடைக்காததும் உங்களிடம் இருக்கிறது. ஆகவே பேசுங்கள்.

ஆனால் உடனே பேச உட்காராதீர்கள். முதலில் எழுதுங்கள், அதுவும் இரண்டு தாள்களில். முதல் தாள் இறந்துபோன தோழிக்கு. அதில் மன்னிப்பு, கோபம், காவடி, அப்பா எல்லாவற்றையும் எழுதலாம். இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஒரு நாளைக்கு 15 நிமிடமாகத் தொடர்ந்து 4 நாட்கள் தம் மனத்தை வருத்தியவற்றைப் பற்றி எழுதச் செய்தார். எழுதிய அன்று அவர்கள் மனம் இன்னும் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்களுள் சிலர் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்தப் பலன் பெரியதன்று என்றே காட்டின. இதை மருந்து என்று நான் விற்கமாட்டேன். எனினும் என் அனுபவத்தில் இதற்கு ஒரு பயன் நிச்சயமாக உண்டு: மன்னிப்புக் கேட்க வேண்டிய சுமையை நீங்கள் ஒரு தாளில் இறக்கிவைத்துவிட்டால், அதை அந்தக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிராது. நீங்கள் நான்கு நாட்கள் 15 நிமிடம் எழுதிப் பாருங்கள். முதல் நாள் மிகவும் வேதனையாக இருந்தால் மறுநாள் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் தாள்தான் கூட்டத்துக்கு. இதில் அவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நினைவுக் கூட்டங்களில் நாம் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் உண்டு: நல்ல மனசு, எல்லோருக்கும் உதவுவார், சிரித்த முகம். அவை பொய்யாக இருக்கமாட்டா. ஆனால் அச்சொற்களை எந்த இறப்பு வீட்டிலும் சொல்லலாம் என்பதால், அந்த மகளுக்குத் தன் அம்மா அவற்றில் கிடைக்கமாட்டார். நம் மொழியில் இரங்கல் பாட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது; அதில் சிறந்ததாக நான் கருதுவது அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. அவர் அந்த மன்னனை வீரன் என்று தொடங்கவில்லை. கொஞ்சமே கள் கிடைத்தால் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் குடித்து மகிழ்வான் என்று தொடங்குகிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே என்கிறார். அந்தக் கையின் மணம் இன்றுவரை நமக்கு வந்து சேர்கிறது. நீங்களும் அப்படியே எழுதுங்கள். அவர் மதிய உணவுப் பெட்டியில் என்ன கொண்டுவருவார், உங்களுக்கு எந்தப் பாதியைக் கொடுப்பார், எந்த ஆசிரியரைப்போலப் பேசிக் காட்டுவார், தமிழ் வகுப்பில் எந்த எழுத்து அவருக்கு வளையவே வளையாது, மழையில் கோயில் மண்டபத்துக்கு எந்த வழியாக ஓடுவீர்கள். கோபக்காரராக இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், பதினாறு வயதிலேயே அப்படித்தானா என்று சிரிக்கவும் செய்வார்.

நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளைப்போல மாறாமல் இருப்பதன்று. எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதைக் கொஞ்சம் புதிதாகக் கட்டுகிறோம். ஆகவே புறக்கணிப்பு எந்த வாரம் தொடங்கியது, யார் யார் வெளியே போனார்கள், என்ன முழக்கம் எழுப்பினார்கள் என்பவற்றை அந்த வாட்ஸ்அப் குழுவில் உள்ள இரண்டொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் "எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும். அப்படிக் கேட்கத் தொடங்கினால், அவர்களும் ஆளுக்கொரு துண்டைக் கொண்டுவருவார்கள். துக்கத்தில் தனியாக இருக்கிறேன் என்ற உங்கள் எண்ணமும் அப்போது கொஞ்சம் தளரும் என்று எதிர்பார்க்கிறேன்.

கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். உள்ளே இருந்தேன் என்பதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அதைச் சொல்லாமல் ஜன்னலைப் பற்றிச் சொல்ல முடியாது. "அவள் வெளியே நின்றாள், அப்பா சொன்னதால் நான் உள்ளே இருந்தேன், உள்ளேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்ற அளவே போதுமானது. பேச்சு நின்றுபோனதையும் காவடியையும் அங்கே சொல்லாதீர்கள். அந்த மேடையில் மன்னிப்புக் கேட்டால், துக்கத்தில் இருக்கும் மகள் எழுந்து வந்து உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அன்று தேற்றப்பட வேண்டியவர் அவர்.

மகளிடம் பிறகு சொல்ல வேண்டுமா என்பதற்கு, சொல்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் அவர் கேட்ட பிறகு சொல்லுங்கள். "பிறகு ஏன் ஆன்டி நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை?" என்று ஒருநாள் அவர் கேட்பார். உங்களைப் பற்றி அம்மா அவரிடம் பேசியிருக்கவும் கூடும், பேசாமலே இருந்திருக்கவும் கூடும். இரண்டுக்கும் நீங்கள் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். அவர் கேட்கும்போது நடந்ததை மறைக்காமல், நீட்டாமல், தந்தைமேலும் பழி போடாமல் சொல்லுங்கள். "அம்மா உங்களை மன்னித்திருப்பார்" என்று அவர் வாயிலிருந்து வரவழைக்க முயலாதீர்கள். அந்த வார்த்தையை இனி யாராலும் உங்களுக்குத் தர முடியாது. இது கடினமான செய்தி என்பதை அறிந்தே எழுதுகிறேன். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கும் இடம் கொடுங்கள்.

காரியத்துக்குப் போக முடியவில்லையே என்ற ஏக்கமும் உங்களுக்கு இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இறுதிச் சடங்குக்கு 50 பேர்தான் வரலாம் என்று விதித்தார்கள். நூற்றுக்கணக்கில் கூடிப் பழகிய நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் அன்று வீட்டிலேயே நின்றார்கள். சில மாதங்கள் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போனவர்களை இழவு வீட்டார் காலம் கடந்துவிட்டதென்று திருப்பி அனுப்பவில்லை. தீபாவளிக்கு முன் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தோழிக்கும் ஓர் இலை போடலாமா என்று வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, அவரைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லி இப்படிக் கேட்பது, நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்பதை அவர்களுக்கு எளிதாகப் புரியவைக்கும்.

ஒரு மாதம் அழுவது இயல்பு. எனினும் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, அன்றாட வேலைகள் நின்றுபோனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும், காத்திருக்காமல் உங்கள் மருத்துவரிடமோ அருகிலுள்ள கிளினிக்கிலோ சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், குறைந்தது 6 மாதம் கடந்தும் சிறிதும் தணியாமல் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைச் சிகிச்சைக்கு உரியதாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை.

நோட்டுப் புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அது பத்துப் பேர் கைமாறும், படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள், மகளுக்கு அதைத் தனியாகப் பார்க்க வாய்ப்பே இராது. கூட்டம் முடிந்து சில நாட்கள் கழித்து அவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் அம்மாவின் பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது, எப்போது வரட்டும் என்று கேளுங்கள். கொடுப்பதற்கு முன் உங்களுக்காக ஒரு பக்கத்தைப் படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கக்கூடும். இங்கே பிறந்த பிள்ளைகள் பலரின் நிலை அதுதான். தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் அவர் அம்மா தன் கையால் எழுதிய பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள்.